மைதானத்தில் சேறும் சண்டையுமா? பயன்படுத்துகிறவர்களே கூடிச் சரிசெய்ய ஒரு செய்முறை

மழை விட்டு மூன்று நாளாகியும் கோல் கம்பத்துக்கு முன்னால் சேறு. ஒரு மூலையில் உடைந்த கண்ணாடி. கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கும் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் தினமும் வாக்குவாதம். "யாரிடம் புகார் கொடுப்பது?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். புகாரைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பாதி வேலை முடிந்துவிடும்.

படி 1: சேர்ந்து நடந்து பாருங்கள்

ஐந்தாறு பேர் போதும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் வரிசையாக நின்று, மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக நடங்கள். குழி, ஆணி, கண்ணாடி என்று கண்ணில் படுவதையெல்லாம் ஒரு தாளில் வரைபடமாகக் குறியுங்கள். மழை நின்றதும் இன்னொரு முறை போய் ஓரத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள்.

தரையோடு பிணைக்காத கோல் கம்பம் இருந்தால் கூட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள். முழு அளவில் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள அந்தச் சட்டம், ஒரு குழந்தை தொங்கினாலே முன்னால் சாயக்கூடும். அப்படிச் சாய்ந்து உயிர்களே போயிருக்கின்றன. அன்றைக்கே பலர் சேர்ந்து அதைக் கவிழ்த்துப் படுக்கவைத்துக் கட்டிப்போடுங்கள்.

படி 2: தண்ணீர் ஏன் நிற்கிறது?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இடம் பள்ளமாக இருக்கும், அல்லது மிதிபட்டு மிதிபட்டு மண் இறுகியிருக்கும். ஈர மண்ணில் ஒரு திருப்புளியைக் குத்துங்கள். மற்ற இடத்தில் எளிதாக இறங்கி இங்கே மட்டும் மறுத்தால் மண் இறுகியிருக்கிறது.

அடுத்து, விளையாட்டுப் பகுதிக்கு வெளியே 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காவிட்டால் மண் தண்ணீரை உறிஞ்சாது. மேற்பரப்பிலேயே ஓட வழிசெய்ய வேண்டும். 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தண்ணீர் ஓடிவிடும். குழியை உடனே மூடிவிடுங்கள்.

இறுகிய மண்ணை, லேசான ஈரம் இருக்கும்போது முள்கரண்டி மண்வெட்டியால் 10 செ.மீ. ஆழத்துக்கு நெருக்கமாகக் குத்தி நெகிழ்த்தலாம். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கொட்டிக் கிளறாதீர்கள். பலர் நல்லெண்ணத்தோடு செய்து, காய்ந்தபின் செங்கல்போல் கெட்டியான தரையோடு நிற்கிறார்கள். பயிற்சியின்போது கோல் கம்பத்தை அவ்வப்போது இடம் மாற்றித் தரையோடு பிணைத்தால் ஒரே இடம் தேயாது.

படி 3: எல்லோரையும் மைதானத்திலேயே கூட்டுங்கள்

எனக்கு மிக முக்கியமான படி இது. "மைதானம் யாருடையது?" என்று பேச ஆரம்பித்தால் சண்டைதான். "உங்களுக்கு எந்த நேரம் வேண்டும்?" என்று ஒவ்வொரு குழுவிடமும் கேட்டு எழுதுங்கள். மோதல் உண்மையில் எந்த நேரத்தில் என்பது தாளில் தெரிந்துவிடும். அந்த நேரத்தை மட்டும் நாள் மாற்றியோ பகுதி பிரித்தோ பங்கிட்டு, நான்கு வாரம் சோதித்துப் பாருங்கள்.

வராமல் போனவர்களையும் தேடிப்போய்க் கேளுங்கள். இடம் கிடைக்காத சிறுமிகளும் பந்து படுமோ என்று பயந்த முதியவர்களும் சத்தமில்லாமல் விலகியிருப்பார்கள். அவர்கள் இல்லாத கூட்டத்தில் எல்லாம் சுமுகமாகத்தான் தோன்றும்.

படி 4: இப்போது கடிதம்

நிலம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தரையைத் தோண்டும் எந்தப் பெரிய வேலைக்கும் அவர்கள் அனுமதி வேண்டும். ஒரு கடிதத்தில் ஒரே கோரிக்கை: இடம், அளவு, படங்கள், நாங்கள் செய்து முடித்தது இது, உங்களால் மட்டுமே முடிவது இது. எல்லாக் குழுக்களும் கையெழுத்திடட்டும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி, பதிலை விசாரிக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

அடுத்த மழை விட்டதும், முதலில் படமெடுத்த அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள்.