என்பிஏ வீரர்களின் அடுத்த சீசனைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பிறந்தால் போதும், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் வீரர்கள் அடுத்த சீசனில் ஆடும் நிமிடம், எடுக்கும் புள்ளி போன்றவற்றைப் புதிதாகக் கணிக்கத் தொடங்கியவர்கள் தங்கள் எக்ஸெல் ஷீட்டை அனுப்பி, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். உழைப்பு நிறைய தெரியும். ஆனால் தவறுகள் வருடா வருடம் அதேதான். நானும் ஆரம்பத்தில் செய்தவைதான். பிடித்த அணிக்குச் சலுகை காட்டுவது, போன வருட எண்ணை அப்படியே எழுதிவைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள். யாரும் சொல்லாவிட்டால் வருடக்கணக்கில் தொடரும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆளாளுக்குத் தனித்தனியாகக் கணித்துவிட்டு, கூட்டிப் பார்க்காமல் விடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தரும் தவறு இது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய புள்ளியியல் எதுவும் வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும். அப்படியிருந்தும் கிட்டத்தட்ட எல்லா ஷீட்டிலும் இருக்கிறது.

ஓர் ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக ஓர் அணியிடம் இருப்பது 240 நிமிடம். ஒரு சீசனின் 82 ஆட்டத்துக்கு 19,680. கூடுதல் நேரத்துக்குப் போகும் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு 25 சேரும், அவ்வளவுதான். பயிற்சியாளர் யாராக இருந்தாலும், வீரர்கள் எவ்வளவு பெரியவர்களாக இருந்தாலும் இதற்கு மேல் பங்குபோட எதுவும் கிடையாது.

சமீபத்தில் ஒருவர் அனுப்பிய ஷீட்டில் பத்து வீரர்கள். ஒவ்வொரு வரியையும் தனியாகப் படித்தால் நியாயமாகவே இருந்தது. நட்சத்திர வீரருக்கு 36 நிமிடம். போன சீசனின் கடைசியில் நன்றாக ஆடிய இளைஞருக்கு, இந்த வருடம் வாய்ப்பு கிடைக்கும் என்று 30. அனுபவசாலி ஒருவரை எப்படிக் குறைப்பது என்று அவருக்கு 26. புதிதாக வந்தவருக்குப் பழைய அணியில் கிடைத்த அதே 33. எல்லோருக்கும் 78 ஆட்டம். நிமிட வரிசையின் அடியில் கூட்டல் போட்டேன். 285 வந்தது. 78 ஆல் பெருக்கினால் 22,230. அணியிடம் இருப்பதோ 19,680. அதிகப்படி 2,550 நிமிடம். ஒருவர் 75 ஆட்டம், ஆட்டத்துக்கு 34 நிமிடம் ஆடினால் வரும் கணக்கு அது. அதாவது ஐந்து பேர் நிற்க வேண்டிய களத்தில் ஆறாவதாக ஒருவர் ஏறக்குறைய சீசன் முழுக்க ஆடியிருக்கிறார். அவருடைய புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவகுக்கும் பாஸ்) எல்லாம் மற்ற பத்துப் பேரின் வரிகளிலும் பிரிந்து கிடக்கின்றன.

காயத்தால் ஆட்கள் வெளியே உட்காருவார்கள், அதனால் ஆட்டச் சராசரிகளைக் கூட்டினால் 240ஐத் தாண்டத்தானே செய்யும் என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. அதனால்தான் சராசரிகளைக் கூட்டாமல், ஒவ்வொருவருக்கும் ஆட்ட எண்ணிக்கையை நிமிடத்தால் பெருக்கி, சீசன் மொத்தத்தைக் கூட்டச் சொல்கிறேன். காயம் வரும் என்று நம்பினால் அதை ஆட்ட எண்ணிக்கையில் காட்டுங்கள். எல்லோருக்கும் 78 என்று போட்டுவிட்டு, கணக்கு உதைக்கும்போது மட்டும் காயத்தைக் கூப்பிடுவது சரியில்லை.

நிமிடம் சரியாக வந்தாலும் வேலை முடியவில்லை. களத்தில் இருக்கும் பந்து ஒன்றுதான். இப்போதைய ஆட்டத்தில் ஓர் அணி ஓர் இரவில் ஏறத்தாழ 90 ஷாட் எடுக்கும். அதுவும் தனியாகக் கூட்டிப் பார்க்க வேண்டிய வரிசை. 2010 கோடையில் மூன்று நட்சத்திர வீரர்கள் மயாமி அணியில் ஒன்றுசேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக லெப்ரான் ஜேம்ஸ் எடுத்த புள்ளி 29.7, டுவைன் வேட் 26.6, கிறிஸ் பாஷ் 24.0. மூன்றையும் கூட்டினால் 80.3 புள்ளி. ஒன்றாக ஆடிய முதல் சீசனில் 26.7, 25.5, 18.7; மொத்தம் 70.9. யாருக்கும் திறமை குறையவில்லை, அணி இறுதிப் போட்டிவரை போனது. பந்து போதவில்லை, அவ்வளவே.

அந்த இறக்கம் எப்படிப் பிரிந்தது என்பதையும் கவனியுங்கள். வேட் இழந்தது சுமார் 4 சதவீதம், லெப்ரான் 10, பாஷ் 22. மொத்தம் அதிகமாகிவிட்டது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் ஒரே சதவீதம் வெட்டிவிட்டு நிம்மதியாவது அடுத்த தவறு. பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தைத் தொடங்குபவருக்குக் குறைவது கொஞ்சம்தான். மற்றவர் பாஸ் கொடுத்தால்தான் ஷாட் என்றிருப்பவருக்குத்தான் பெரிய வெட்டு விழும். நான்கு வருடம் கழித்து கெவின் லவ் மினசோட்டாவிலிருந்து கிளீவ்லேண்டுக்குப் போனபோதும் இதேதான் நடந்தது. நிமிடம் 36.3லிருந்து 33.8 ஆனது, புள்ளியோ 26.1லிருந்து 16.4க்கு இறங்கியது. நிமிடத்தை மட்டும் வைத்துக் கணித்தவர்கள் அவருக்கு 24 என்று எழுதியிருப்பார்கள்.

கணக்கு எதிர்ப் பக்கமும் வேலை செய்யும். ஒருவர் அணியைவிட்டுப் போனால் அவர் எடுத்த ஷாட்டை யாராவது எடுத்தே ஆக வேண்டும். 2016இல் கெவின் டுரான்ட் ஓக்லஹோமா சிட்டியைவிட்டு கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். ஓக்லஹோமாவிலேயே இருந்த ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 23.5லிருந்து 31.6க்கு ஏறி, அந்த சீசனின் எம்விபி (மிகச் சிறந்த வீரர்) ஆனார். டுரான்ட்டுக்கு இடம்விட்டு கோல்டன் ஸ்டேட்டிலிருந்து டாலஸுக்குப் போன ஹாரிசன் பார்ன்ஸ் 11.7லிருந்து 19.2 ஆனார். டுரான்ட் போய்ச் சேர்ந்த இடத்தில் ஸ்டெஃபன் கரி 30.1லிருந்து 25.3க்கு இறங்கினார். ஒரே ஒருவர் இடம்மாறியதில் இத்தனை வரிகள் நகர்ந்தன. கரியின் வரியை மட்டும் உற்றுப் பார்ப்பவருக்கு அந்த இறக்கம் விளங்கவே விளங்காது.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் நிமிடத்தைப் பங்கு போடுங்கள், அதையும் இடம் இடமாக. வளையத்துக்கு அருகே ஆடும் சென்டர் இடத்துக்கு 48 நிமிடம்தான். நல்ல சென்டர் மூவர் இருந்தால் ஒருவர் பெஞ்சில்தான் இருப்பார். அப்புறம் ஷாட். புள்ளி கடைசியில். புள்ளியிலிருந்து தொடங்கினால் மேலே சொன்ன ஷீட் மாதிரிதான் முடியும்.

ஒரு சீசனின் மூன்று புள்ளி சதவீதத்தை நம்புவது

தூரத்திலிருந்து எடுக்கும் மூன்று புள்ளி ஷாட்டில் 200 எடுத்த இளைஞர் 41 சதவீதம் போட்டால் ஷூட்டராக மாறிவிட்டார் என்று எழுதுகிறார்கள். 82 போட்டால் 41 சதவீதம், 72 போட்டால் 36. இடையில் இருப்பது பத்தே ஷாட். எட்டு ஆட்டத்துக்கு ஒன்று வளையத்தில் பட்டு உள்ளே விழுந்ததா வெளியே போனதா என்பதுதான். உண்மையில் 36 சதவீத ஷூட்டராக இருப்பவர் 200 ஷாட்டில் அதிர்ஷ்டத்தாலேயே 33க்கும் 39க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்பார். அதற்கு வெளியே போவதும் அபூர்வமல்ல. கரியே 2015-16இல் 45.4 போட்டுவிட்டு அடுத்த சீசனில் 41.1க்கு வந்தார்.

பழைய சீசன்களையும் சேர்த்து, லீக் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். ஷாட் எவ்வளவு குறைவோ அவ்வளவு பலமாக இழுக்க வேண்டும். ஃபவுலுக்காகத் தடுப்பின்றிக் கிடைக்கும் ஷாட்டான ஃப்ரீ த்ரோவையும் பாருங்கள். அதை 65 சதவீதம் போடுபவர் திடீரென்று நல்ல மூன்று புள்ளி ஷூட்டராகத் தெரிந்தால் நான் நம்ப அவசரப்பட மாட்டேன்.

பெஞ்ச் வீரரின் எண்ணை 36 நிமிடத்துக்கு நீட்டுவது

15 நிமிடத்தில் 8 புள்ளி, அப்படியானால் 36 நிமிடத்தில் 19 என்று பெருக்கிவிடுகிறார்கள். அவர் ஆடிய 15 நிமிடத்தில் எதிரே நின்றவர்களும் பெரும்பாலும் பெஞ்ச் வீரர்களே. ஃபவுல் அதிகம் வாங்குவதால் 15 நிமிடத்துக்கு மேல் களத்தில் இருக்க முடியாதவராகவும் இருக்கலாம். பெருக்கலாம், தவறில்லை, ஆனால் பயிற்சியாளர் ஏன் இதுவரை அவருக்கு அதிக நிமிடம் தரவில்லை என்பதற்கு ஒரு பதில் கிடைத்த பிறகு பெருக்குங்கள்.

முன்சீசன் ஆட்டங்கள்

பாருங்கள், ரசியுங்கள். ஷீட்டில் ஏற்றாதீர்கள்.

சீசனின் கடைசி இரண்டு வாரம்

புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது முன்வரிசை கிடைக்கும், அதனால் தோற்றாலும் நல்லதுதான் என்றிருக்கும் அணியில் ஒருவர் ஏப்ரலில் எடுத்த 30 புள்ளி எதற்கும் சாட்சி அல்ல.

வயதை, நீடித்தவர்களை வைத்து அளப்பது

35 வயதில் ஆடுபவர்களின் சராசரியைப் பார்த்து, வயதானாலும் பெரிதாக இறங்குவதில்லை என்று முடிவுகட்டுகிறார்கள். இறங்கியவர்கள் அந்தச் சராசரியிலேயே இல்லை. அவர்களுக்கு ஒப்பந்தம் கிடைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள் லெப்ரான் மாதிரியானவர்கள். வயதின் பாதிப்பை அறிய வேண்டுமானால் ஒரே வீரரின் 31ஐயும் 32ஐயும், 32ஐயும் 33ஐயும் ஒப்பிட வேண்டும். அப்போதும் அடுத்த வருடம் ஆடாமலே போனவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று யோசித்தாக வேண்டும். இது லேசான வேலை இல்லை.

எல்லோருக்கும் 82 ஆட்டம்

மூன்று சீசன் எண்ணிக்கையைப் பாருங்கள், சமீபத்தியதற்கு அதிக எடை கொடுங்கள். 2023-24 முதல் எம்விபி போன்ற பெரிய விருதுகளுக்கு 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதற்காக முழங்கால் வலி போய்விடாது.

ஆகஸ்டிலேயே கணிப்பைப் பூட்டிவிடுவது

2012 அக்டோபர் 27 அன்று ஓக்லஹோமா சிட்டி ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்கு மாற்றியது. பெஞ்சிலிருந்து வந்து 16.8 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவர். அக்டோபர் 31 அன்று ஹூஸ்டனுக்காக முதல் ஆட்டத்தில் 37 எடுத்தார். சீசன் முடிவில் சராசரி 25.9. ஆகஸ்டில் யாராலும் அந்த எண்ணை எழுதியிருக்க முடியாது. ஆனால் 28ஆம் தேதி ஷீட்டைத் திறந்திருந்தால், ஹார்டனின் நிமிடத்தையும் ஷாட்டையும் ஏற்றியிருக்கலாம். பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மாற்றத்தில் எதிர்ப்பக்கம் போனவர் கெவின் மார்ட்டின். ஹூஸ்டனில் 17.1 எடுத்தவர், டுரான்ட்டும் வெஸ்ட்புரூக்கும் இருந்த அணியில் ஹார்டன் விட்டுப்போன பெஞ்ச் இடத்துக்கு வந்து 14.0 எடுத்தார். மாற்றம் ஒன்று நடந்தால் திறக்க வேண்டியது இரண்டு ஷீட்.