லாங்போ பழக வேண்டுமா? வில்லை மட்டும் முதலில் வாங்கிவிடாதீர்கள்

இங்கிலாந்தில் வேலைக்கோ படிப்புக்கோ வந்த இடத்தில், ஏதோ ஒரு கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போய், காசு கொடுத்து லாங்போ என்ற பழங்கால நீள மரவில்லில் ஆறு அம்பு விட்டுப் பார்த்துவிட்டு, "அட, இது நல்லா இருக்கே" என்று வீட்டுக்கு வந்த கையோடு இணையத்தில் வில் விலை பார்க்க உட்கார்ந்திருந்தால், இது உங்களுக்காகத்தான். அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். எந்த எடையில் வில் வேண்டும், உங்கள் கை எவ்வளவு நீளம் இழுக்கும், குறி பார்க்கும்போது எந்தக் கண் முந்துகிறது என்று தெரியாமல் வாங்கும் வில் பெரும்பாலும் பரணில்தான் போய் உட்காரும்.

முதல் வேலை, பக்கத்தில் உள்ள வில்வித்தை கிளப்பைக் கண்டுபிடிப்பது. ஆர்ச்சரி ஜிபி என்பதுதான் இந்த விளையாட்டுக்கு நாட்டின் தலைமை அமைப்பு, அதன் கீழ் ஊருக்கு ஊர் கிளப்புகள் இருக்கின்றன. அநேகமாக எல்லாமே புதியவர்களுக்குச் சில வாரப் பயிற்சி வகுப்பு நடத்தும், வில் அம்பு எல்லாம் அவர்களே தருவார்கள். வகுப்பு முடித்து உறுப்பினரானால் காப்பீடும் சேர்ந்து வருகிறது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "நான் லாங்போவுக்காகத்தான் வருகிறேன்" என்று. இல்லாவிட்டால் ஒலிம்பிக்கில் பார்க்கிற ரீகர்வ் வில்லை கையில் கொடுத்துவிடுவார்கள். அதிலும் தப்பில்லை, நிற்பதும் இழுப்பதும் பாதுகாப்பும் அதிலேயே பழகலாம், ஆனால் கிளப்பில் லாங்போ விடும் பெரியவர் ஒருவராவது இருப்பார், அவரோடு ஒட்டிக்கொள்வதுதான் உங்கள் குறிக்கோள். அவர்கள் கூச்சமில்லாமல் தங்கள் வில்லை நீட்டி "இதை இழுத்துப் பார்" என்பார்கள். நான்கைந்து வில் இழுத்துப் பார்த்த பிறகு கடைக்குப் போகிறவரும் ஒன்றும் தெரியாமல் போகிறவரும் ஒன்றல்ல.

சரி, லாங்போவில் அப்படி என்ன இருக்கிறது என்றால், ஒன்றுமே இல்லை என்பதுதான் விஷயம். ஆளுயரத்துக்கு ஒரு மரக்கம்பு, குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில டி எழுத்து மாதிரி ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. இரண்டு நுனியிலும் நாண் மாட்டக் கொம்பில் செதுக்கிய தொப்பி, நடுவில் ஒரு துண்டுத் தோல். குறி பார்க்கும் கருவி கிடையாது, அம்பு வைக்கத் தாங்கி கிடையாது, அதிர்வைக் குறைக்கும் எடைக்கம்பிகள் கிடையாது. அம்பு வில்லைப் பிடித்திருக்கும் கையின் முட்டிமேல்தான் உட்காரும். போன அம்பு தவறினால் திருக ஒரு திருகாணி கூட இல்லை, நீங்கள்தான் திருந்த வேண்டும். இதுதான் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரீகர்வில் நன்றாகப் புள்ளி எடுப்பவர்கள்கூட ஒரு நாள் இதைத் தொட்டுவிட்டு அதற்குத் திரும்பாமல் இருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது எடை. வில்லின் எடை என்றால் தூக்கிப் பார்க்கும் எடை இல்லை, நாணை 28 அங்குலம் இழுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பது. புதிதாக வரும் ஆண்கள் தொண்ணூறு சதவீதம் பேர் சறுக்குவது இங்கேதான் என்று என் கணிப்பு. எல்லோரும் போர்ட்ஸ்மத்தில் உள்ள மேரி ரோஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வருகிறார்கள். எட்டாம் ஹென்றியின் அந்தக் கப்பல் 1545 ஜூலையில் மூழ்கியது, 1982இல் மேலே கொண்டுவந்தார்கள், அதிலிருந்து 172 லாங்போக்கள் கிடைத்தன. அவற்றின் இழுவிசையை 100 முதல் 185 பவுண்டு வரை கணக்கிட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு "அப்போ எனக்கு ஒரு 60 பவுண்டாவது வேண்டாமா" என்று கேட்பார்கள். வேண்டாம். அந்த ஆட்கள் சின்ன வயதிலேயே வில்லோடு வளர்ந்தவர்கள். ஓய்வு நாட்களில் ஆண்கள் வில் பழகியே ஆக வேண்டும் என்று மூன்றாம் எட்வர்ட் 1363இல் ஆணையே போட்டிருக்கிறார். நீங்கள் நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு வருகிறவர். 25 முதல் 30 பவுண்டு, ஓரளவு தோள்பலம் இருந்தால் 35, அதற்கு மேல் முதல் வருஷம் தொடாதீர்கள். கனமான வில்லை இழுக்கும்போது உடம்பு ஏமாற்றத் தொடங்கும், தோள் காதுவரை ஏறும், முதுகு வளையும், முழுசாக இழுப்பதற்குள் விரல் விட்டுவிடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் அப்புறம் எடுப்பது பெரும்பாடு.

இன்னொரு நுணுக்கம். நம்மில் நிறையப் பேர் 28 அங்குலம் இழுப்பதில்லை, 26 இழுத்தால் அதிகம். இந்த எடை வில்லில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 2 பவுண்டு குறையும், ஆக 34 என்று எழுதியிருக்கும் வில் உங்கள் கையில் 30தான். அதே நேரம் 26 அங்குலத்துக்கென்று செய்த வில்லை நண்பர் ஒருவர் 29 அங்குலம் இழுத்தால் மரம் பிளந்து கையில் இரண்டாக நிற்கும். செய்தவர் எழுதியிருக்கும் எல்லையைப் பாருங்கள், வில்லை இரவல் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

எந்த மரம் என்றால், எல்லோரும் ஆசைப்படுவது யூ என்ற மரம். அதன் வெளிப்பக்க வெள்ளை மரம் இழுபடுவதைத் தாங்கும், உள்பக்கச் செம்மரம் அமுங்குவதைத் தாங்கும், ஒரே கட்டையில் இயற்கையே இரண்டையும் ஒட்டிக் கொடுத்திருக்கிறது. ஆனால் நல்ல யூ வில் விலை அதிகம், கொஞ்சம் செல்லமும் கொடுக்க வேண்டும். முதல் வில்லாக ஹிக்கரி, மூங்கில், ஐப்பே போன்றவற்றை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த வில்லே போதும். முரட்டுத்தனமாகத் தாங்கும். பழைய வில் வாங்கலாமா என்றால் வாங்கலாம், ஆனால் கிளப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் வில்லின் உள்வயிற்றில், அதாவது விடுபவரைப் பார்க்கும் பக்கத்தில், விரல் நகத்தால் தடவிப் பார்ப்பார். குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடு நகத்தில் இடறினால் மரம் அமுங்கி நசுங்கியிருக்கிறது, பேரம் பேசாமல் வைத்துவிட்டு வாருங்கள்.

பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் என் பதில் எப்போதும் அம்புதான். சுமாரான வில்லில் பொருத்தமான அம்பு விட்டால் நேராகப் போகும், அருமையான வில்லில் பொருந்தாத அம்பு விட்டால் தலைகீழாக நின்றாலும் போகாது. காரணம், லாங்போவில் அம்பு வில்லின் நடுவில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. நாணை விட்டதும் அம்பு மீன் நீந்துவதுபோல் வளைந்து நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போகிறது. எவ்வளவு வளைய வேண்டும் என்பதை அதன் விறைப்பு தீர்மானிக்கிறது, அதை ஸ்பைன் என்பார்கள். மரக்கம்புகளை 5 பவுண்டு வித்தியாசத்தில் ரகம் பிரித்து விற்பார்கள். உங்கள் இழுப்புக்கு வில் என்ன எடையோ அதே ரகம், அல்லது ஒரு ரகம் குறைவு, அதிலிருந்து தொடங்குங்கள். வலதுகைக்காரருக்கு அம்பெல்லாம் திரும்பத் திரும்ப இடப்பக்கம் ஒதுங்கினால் கம்பு விறைப்பாக இருக்கிறது, வலப்பக்கம் ஒதுங்கினால் துவளுகிறது. ஆனால் உங்கள் விரல் விடுவது சீராகும்வரை இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை, அதனால் முதல் மாதமே அம்பைக் குறை சொல்லாதீர்கள். கம்பு மரமாகவும் இறகு உண்மையான இறகாகவும் இருக்க வேண்டும், லாங்போ பிரிவில் போட்டி விதியே அதுதான். கார்பன் அம்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வைக்காதீர்கள்.

அம்பு வாங்கியதும் ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு இறகின் முன்நுனியும் கம்பில் ஒட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள், அந்தத் தண்டு முள் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். அம்பு உங்கள் கைமுட்டியை உரசிக்கொண்டுதான் போகிறது என்பது நினைவிருக்கட்டும், ஒரு மாலை முழுக்க விட்டால் ஆள்காட்டி விரல் எலும்பின்மேல் தோல் கோடு கோடாகக் கிழிந்திருக்கும். அந்த முனையை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, மேலே ஒரு சொட்டுப் பசை வைத்து, முடிந்தால் மெல்லிய நூலால் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றிவிடுங்கள். இடக்கைக்கு மெல்லிய தோல் கையுறையும் போட்டுக்கொள்ளலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை. நாண் இழுக்கும் விரல்களுக்குத் தோல் மடல், வில் பிடிக்கும் கையின் உட்புறத்துக்குக் காப்பு, இந்த இரண்டும் கட்டாயம்.

நாணேற்றுவதற்கு நாணேற்றும் கயிறு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலுக்குள் விட்டு முறுக்கி ஏற்றினால் வில் கோணிவிடும். ஏற்றியதும் கைப்பிடியில் முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள், விரல்நுனி நாணைத் தொட வேண்டும், ஆறு ஆறரை அங்குலம் வரும். எடுத்த எடுப்பில் முழுசாக இழுக்காமல் கால்வாசி, அரைவாசி என்று சில முறை இழுத்து மரத்தைத் தட்டியெழுப்புங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பும், ஒரே தடவையில் உடைந்தாலும் உடையும்.

இனி விடுவது. இலக்குக்குப் பக்கவாட்டில் நின்று, கால்கள் தோளகலம், எடை இரண்டிலும் சமம். மற்றவற்றிலிருந்து நிறம் மாறியிருக்கும் ஒற்றை இறகு வில்லைவிட்டு வெளிப்பக்கம் பார்க்கும்படி அம்பை நாணில் மாட்டி, ஆள்காட்டி விரல் அம்புக்கு மேல், இரண்டு விரல் கீழ். வில்லைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடிக்காதீர்கள். நாண் முகத்தில் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று ஒரே ஓர் இடத்தை முடிவு செய்யுங்கள், வாயோரமோ தாடைக்கடியோ, எதுவானாலும் சரி, ஆனால் ஒவ்வொரு முறையும் அங்கேதான் வர வேண்டும். அது அரை அங்குலம் முன்பின் ஆனாலே அம்பு மேலும் கீழுமாக அலையும். கையால் இழுக்காமல் தோள்பட்டை எலும்புகளை நெருக்கி இழுங்கள். வந்து நின்றதும் ஓரிரு விநாடி, அவ்வளவுதான், விட்டுவிடுங்கள். மரவில்லை இழுத்து வைத்துக்கொண்டு யோசித்தால் உங்களுக்கும் நடுக்கம், மரத்துக்கும் கேடு. விட்ட பிறகு அம்பு தைக்கும்வரை வில்கை அசையக் கூடாது. எங்கே போகிறது என்று எட்டிப் பார்க்கும் ஆசைதான் பாதி அம்புகளைக் கெடுக்கிறது.

ஆரம்பத்தில் குறிவட்டம் இல்லாத வெறும் இலக்கில், ஏழெட்டு மீட்டரில் நின்று விடுங்கள். வட்டம் கண்ணில் பட்டால் மனசு அங்கே ஓடிவிடும், உடம்பைக் கவனிக்காது. அப்புறம் தூரம் கூடும்போது குறி பார்க்கும் முறை தானாகத் தேவைப்படும். அம்பு முனையைப் பார்த்துக் குறி வைப்பவர்களுக்கு, பக்கத்தில் நிற்கும்போது முனை இலக்கின் நடுவில் உள்ள தங்கநிற வட்டத்துக்கு எவ்வளவோ கீழே தெரியும், ஏதோ ஒரு தூரத்தில் முனையும் வட்டமும் ஒன்றாகும், அதற்கப்பால் மேலே தூக்க வேண்டும். இலக்கை மட்டும் பார், கை பார்த்துக்கொள்ளும் என்பவர்களும் உண்டு. இரண்டையும் பழகிப் பாருங்கள், சண்டையில் இறங்காதீர்கள்.

மைதான ஒழுங்கு பற்றிப் பயிற்சியாளர் சொல்லுவார், ஒன்று மட்டும் நான் சொல்கிறேன், யாராவது "ஃபாஸ்ட்" என்று கத்தினால் வேகமாக விடு என்று அர்த்தமில்லை, உடனே நிறுத்து என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்களுக்கு இது குழப்பும். இலக்கிலிருந்து அம்பைப் பிடுங்கும்போது பின்னால் யாரும் நிற்கவில்லை என்று பாருங்கள், முகப்பில் ஒரு கையை ஊன்றி, தைத்த இடத்துக்கு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், வால்பக்கம் பிடித்தால் மரம் முறியும். தவறிய அம்பு புல்லுக்கடியில் பாம்பு மாதிரி நுழைந்து இறகும் மறைந்துபோயிருந்தால், வந்த வழியே பின்னால் இழுக்காதீர்கள், இறகு பிய்ந்துவிடும். முனைப்பக்கம் புல்லை விலக்கி, போன திசையிலேயே முன்னால் உருவுங்கள்.

கொஞ்சம் கை வந்ததும் கிளவுட் ஆட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். தரையில் ஒரு கொடி, ஆண்களுக்கு 180 கெஜம் தள்ளி, வானத்தைப் பார்த்து அம்பை விட வேண்டும். கொடியிலிருந்து 18 அங்குலத்துக்குள் விழுந்தால் 5 புள்ளி, 12 அடி வரை போகப்போகக் குறையும். லேசான வில் அவ்வளவு தூரம் எட்டாது, ஆனால் பல கிளப்புகளில் முன்னால் வந்து நின்று விட அனுமதிப்பார்கள், கேளுங்கள். காடு பிடிக்கும் என்றால் மரங்களுக்கிடையில் ரப்பர் மான், ரப்பர் பன்றி என்று வைத்து விடும் ஃபீல்டு ஆர்ச்சரி இருக்கிறது, தூரத்தையும் யாரும் சொல்ல மாட்டார்கள். உண்மையான மிருகத்தின்மேல் விடுவது இந்த நாட்டில் குற்றம், அந்த எண்ணமே வேண்டாம். யார்க்ஷயரில் ஸ்கார்டன் வெள்ளி அம்புப் போட்டி 1673இல் தொடங்கியது. நடுவில் உள்ள கருப்புப் புள்ளியை முதலில் அடித்தவருக்கு வெள்ளி அம்பு, கடைசியாக வெளி வெள்ளை வட்டத்தை அடித்தவருக்குக் கொம்புக் கரண்டி, கெட்ட வார்த்தை பேசினால் ஒரு ஷில்லிங் அபராதம். லாங்போக்காரர்களின் மனப்போக்கு புரிய இது ஒன்றே போதும்.

வீட்டுக்கு வந்ததும் நாணை இறக்கிவிடுங்கள், ஈரமிருந்தால் துடையுங்கள், ஆணி இரண்டின்மேல் படுக்கையாக வையுங்கள். மூலையில் சாய்த்தால் வளையும், வெயிலில் காருக்குள் விட்டால் ஒட்டு இளகும், ரேடியேட்டர் பக்கம் கூடவே கூடாது. நாணுக்கு அவ்வப்போது மெழுகு பூசி, இழை பிரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு டேக்ரான் என்ற, கொஞ்சம் நீண்டு கொடுக்கும் இழையிலேயே புதியது மாற்றுங்கள், நீளாத நவீன இழைகள் சாதாரண மரவில்லின் நுனியைப் பிளந்துவிடும். ஒரு பருவம் முழுக்க விட்டு, கடைசி டஜன் அம்பும் முதல் டஜன் மாதிரியே சோர்வில்லாமல் வருகிறது என்றால் அடுத்த வில்லைப் பற்றி யோசிக்கலாம், 5 பவுண்டுக்கு மேல் ஏற்றாமல்.