35 ஆம்பியர் ஒயருக்கு 70 ஆம்பியர் பிரேக்கரா?

அமெரிக்காவில் எலெக்ட்ரீஷியன் லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கிறவர்களில் பலர் மோட்டார் கணக்கில்தான் முதலில் திணறுவார்கள். நானும் திணறினேன். ஒயர் 35 ஆம்பியர் தாங்கும், அதற்கான பிரேக்கர் 70 ஆம்பியர் என்று விடை வந்ததும், பெருக்கலில் பிசகிவிட்டேன் என்று மூன்று தடவை அழித்து எழுதினேன். பிசகே இல்லை. என்.இ.சி. எனப்படும் அந்நாட்டு மின் விதித்தொகுப்பின் 2023 பதிப்பை வைத்து, 5 ஹெச்.பி., 230 வோல்ட், சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஒன்றுக்குக் கணக்குப் போடுவோம்.

படி 1: மின்னோட்டம். மோட்டாரின் நேம்பிளேட்டை, அதாவது அதன் மேல் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் பார்க்காதீர்கள். அட்டவணை 430.248-ஐப் பாருங்கள்: 28 ஆம்பியர். நாளைக்கு அதே ஹெச்.பி.யில் வேறு மோட்டார் மாட்டினாலும் ஒயர் போதுமானதாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

படி 2: ஒயர். 25 சதவீதம் கூட்ட வேண்டும்: 28 × 1.25 = 35 ஆம்பியர். டெர்மினல்களும் 75 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றவையாக இருந்தால், 10 ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்க ஒயர் தடிமன் அளவு) செம்பு ஒயர் சரியாக 35 தாங்கும்.

படி 3: பிரேக்கர். சாதாரண பிரேக்கருக்கு உச்சவரம்பு 250 சதவீதம். 28 × 2.5 = 70 ஆம்பியர்.

படி 4: ஓவர்லோட் ரிலே, அதாவது சுமை அதிகமானால் மோட்டாரை நிறுத்தும் சாதனம். இங்கே மட்டும் நேம்பிளேட்டுக்குத் திரும்ப வேண்டும். அதில் 26 ஆம்பியர், சர்வீஸ் ஃபேக்டர் (குறித்த சுமையைப் போல எத்தனை மடங்கு தாங்கும் என்ற எண்) 1.15 என்று இருந்தால், 26 × 1.25 = 32.5 ஆம்பியர். சர்வீஸ் ஃபேக்டர் 1.15-க்குக் குறைவாகவும், வெப்ப உயர்வு 40 டிகிரிக்கு மேலாகவும் இருந்தால் 115 சதவீதம்தான்.

இப்போது அந்த 70-க்கு வருவோம். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஆறு மடங்குகூட இழுக்கும். 35 ஆம்பியர் பிரேக்கர் போட்டால் ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் விழுந்துகொண்டே இருக்கும். அதனால் விதி வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. ஷார்ட் சர்க்யூட்டும் எர்த் பழுதும் பிரேக்கரின் பொறுப்பு. மோட்டார் திணறி, மெதுவாகச் சூடேறுவதைக் கவனிப்பது ரிலேயின் பொறுப்பு. ஒயரை அதிகச் சுமையிலிருந்து காப்பாற்றுவதும் அந்த ரிலேதான். ரிலே இல்லாமல் இந்த 70-ஐப் போடுவது ஆபத்து.

சரி, இதே மோட்டார் 1,500 சதுர அடி வீட்டில் ஓடினால்? வீட்டுக் கணக்கில் தர்க்கம் தலைகீழ். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால் விதியே குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. விளக்குகளுக்குச் சதுர அடிக்கு 3 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்), ஆக 4,500. சமையலறைச் சர்க்யூட் இரண்டுக்கு 3,000, துணி துவைக்கும் இடத்துக்கு 1,500. மொத்தம் 9,000. இதில் முதல் 3,000 முழுசாக, மீதி 6,000-இல் 35 சதவீதம்: 5,100 வி.ஏ.

அப்புறம் 12 கிலோவாட் மின் அடுப்பை 8,000 என்று எடுக்கலாம். துணி உலர்த்தி குறைந்தபட்சம் 5,000. வாட்டர் ஹீட்டர் 4,500 என்று வைப்போம். கூட்டினால் 22,600. அதை 240-ஆல் வகுத்தால் 94.2 ஆம்பியர்.

மோட்டாரைச் சேர்க்கும்போது பலர் அந்த 70-ஐ இழுத்து வந்து கூட்டிவிடுவார்கள். பிரேக்கர் அளவு லோடு அல்ல. வீட்டில் இதுதான் பெரிய மோட்டார் என்றால், 25 சதவீதம் கூட்டிய 35-ஐச் சேர்க்க வேண்டும். 129.2 ஆம்பியர். 125 ஆம்பியர் சர்வீஸ் (வீட்டுக்கு வரும் முதன்மை மின் இணைப்பு) போதாது, அடுத்த அளவான 150-தான்.