முதல் கிராபிக் டி-ஷர்ட்டை உருவாக்கும் முறை: எண்ணம் முதல் சலவைச் சோதனை வரை

டி-ஷர்ட்டில் ஒரு படத்தை அச்சிடுவது இன்று எவருக்கும் கைவரக்கூடிய வேலை. கணினியில் வரைந்த கோப்பை அனுப்பினால் ஒற்றைச் சட்டையைக்கூட அச்சிட்டுத் தரும் சேவைகள் இருக்கின்றன. ஆகவே, புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மென்பொருளைப் பற்றியும் மையைப் பற்றியுமே கேட்கிறார்கள். என் கணிப்பில், ஒரு வடிவமைப்பு நிலைப்பதும் வீழ்வதும் அதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது படம் யாருடையது, வாசகம் யாரைத் தொடுகிறது என்று ஆராயும் கட்டத்தில்தான் முடிவாகிறது. மார்பில் இருக்கும் வாசகத்தை அணிந்திருப்பவர் படிப்பதில்லை. எதிரே வருபவர்தான் படிக்கிறார். அதனால் அந்தக் கட்டத்துக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: சட்டை என்ன சொல்ல வேண்டும் என்பதை எழுதுங்கள்

வரைவதற்கு முன் ஒரு தாளில் மூன்று விடைகளை எழுதிக்கொள்ளுங்கள்: இந்தச் சட்டை என்ன சொல்கிறது, யார் அணிவார், எவ்வளவு தொலைவிலிருந்து படிக்கப்பட வேண்டும். மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. 1984இல் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் கேத்தரின் ஹேம்நெட், அணு ஏவுகணைகளை எதிர்க்கும் வாசகம் பொறித்த சட்டையோடு பிரதமர் மார்கரெட் தாட்சரைச் சந்தித்தார். வெள்ளைத் துணியில் சட்டையின் முன்புறத்தை நிறைத்த கறுப்புப் பெரிய எழுத்துகள், அருகில் நின்றவருக்கு மட்டுமன்றி ஒளிப்படக் கருவிக்கும் தெளிவாகத் தெரிந்தன. அந்தச் சந்திப்பின் படம் இன்றும் பேசப்படுவதற்கு அந்த அளவுத் தேர்வு ஒரு முக்கியக் காரணம். சொல்ல வேண்டியது ஒரு மெல்லிய குறிப்பு என்றால், இடது மார்பில் சிறிய சின்னம் போதும். உரத்த கூற்று என்றால் எழுத்துகளுக்கு இடம் கொடுங்கள். இரண்டையும் ஒரே சட்டையில் முயல வேண்டாம்.

படி 2: எந்தப் பாணி, அது எங்கிருந்து வந்தது என்று அறியுங்கள்

ஸ்ட்ரீட்வேர் எனப்படும் தெருப்பாணி இளைஞர் உடை, ஆடையரங்குகளிலிருந்து இறங்கி வந்த பாணி அன்று. 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த ஷான் ஸ்டஸ்ஸி, பலகைகளில் இட்ட தன் கையெழுத்தையே டி-ஷர்ட்டுகளிலும் அச்சிட்டார். 1993இல் டோக்கியோவின் ஹராஜுகு பகுதியில் நிகோ 'எ பேதிங் ஏப்' பிராண்டைத் தொடங்கினார். 1994இல் நியூயார்க்கில் ஸ்கேட்போர்டு கடையாக 'சுப்ரீம்' பிறந்தது. குறைந்த எண்ணிக்கையில் வெளியிடுவது, லோகோவையே படமாக்குவது, இசைக்குழுச் சட்டைகளின் சாயலைக் கொள்வது போன்ற வழக்கங்கள் இந்த மரபில் வளர்ந்தவை.

இன்று பரவலாகக் காணப்படுபவை, தோள் தையல் கீழிறங்கிய ஓவர்சைஸ் வெட்டு, முன்புறம் சிறு சின்னமும் முதுகில் பெரிய படமும் கொண்ட அமைப்பு, துணியைத் திட்டுத்திட்டாக வெளுக்கவைக்கும் ஆசிட் வாஷ், அச்சு விரிசல் விட்டதுபோன்ற பழைய தோற்றம், தொட்டால் மேலெழுந்து நிற்கும் பஃப் பிரிண்ட் ஆகியவை. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தையும் சேர்த்தால் படம் காணாமல் போகும். பழைய தோற்றத்தைப் பற்றி ஒரு சொல்: உருவாக்கிய நாளிலேயே முப்பது ஆண்டு பழையதாகத் தோன்றும் சட்டை, நடக்காத இசைப் பயணம் ஒன்றின் தேதிகளை முதுகில் தாங்கும்போது, அந்த இசையை உண்மையாக நேசிப்பவர்கள் அதில் ஏமாற்றத்தை உணர்கிறார்கள். அந்த எரிச்சலை நான் நியாயமானதாகவே கருதுகிறேன்.

படி 3: படம் யாருடையது என்று உறுதிசெய்யுங்கள்

இணையத்தில் கிடைத்த படத்தின் வண்ணங்களை மாற்றிவிட்டால் அது நம்முடையதாகிவிடும் என்ற நம்பிக்கை புதியவர்களிடையே வலுவாக இருக்கிறது. அதைக் கைவிடுங்கள். லின் கோல்ட்ஸ்மித் எடுத்த பாடகர் பிரின்ஸின் ஒளிப்படத்தை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் உருவாக்கிய ஓவியம் ஒன்று பின்னாளில் இதழ் ஒன்றுக்கு உரிமம் வழங்கப்பட்டபோது வழக்கு எழுந்தது. அந்த வணிகப் பயன்பாடு மூலப் படத்தின் நோக்கத்தையே கொண்டிருந்தது என்று கூறி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் ஒளிப்படக் கலைஞருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. வார்ஹாலின் தூரிகைக்கே கிடைக்காத பாதுகாப்பு, ஒரு வண்ண வடிகட்டிக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

டி-ஷர்ட் உலகின் மிகப் பழகிய முகமான சே குவேராவின் படத்துக்கும் ஓர் உரியவர் இருந்தார். அதை 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் எடுத்தவர் ஆல்பர்ட்டோ கோர்டா. பல்லாண்டுகள் அப்படம் தடையின்றிப் பரவியதை அவர் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு வோட்கா விளம்பரத்தில் அது பயன்படுத்தப்பட்டதும் 2000ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்து, சமரசத்தில் கிடைத்த தொகையைக் கியூபாவின் மருத்துவத் துறைக்குக் கொடுத்தார். ஒரு படம் எங்கும் காணப்படுகிறது என்பதும், அது எவருக்கும் உரியதன்று என்பதும் வெவ்வேறு செய்திகள். 2017இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலங்களான கெண்டல் ஜென்னரும் கைலி ஜென்னரும் மறைந்த ராப் கலைஞர்கள், ராக் இசைக்குழுக்கள் ஆகியோரின் படங்கள்மீது தங்கள் முகங்களையும் முதலெழுத்துகளையும் பதித்து வெளியிட்ட சட்டைகள், குடும்பத்தினரும் கலைஞர்களும் எதிர்த்ததால் மிக விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டன. அங்கே உரிமைச் சிக்கலோடு, அனுமதி கேட்கப்படாத அவமதிப்பும் சேர்ந்திருந்தது.

அடுத்தது லோகோ. பிரபல நிறுவனத்தின் சின்னத்தைச் சற்றே திருத்தி வேறு சொல்லாக்கும் 'லோகோ ஃபிளிப்' ஸ்ட்ரீட்வேரின் பழைய விளையாட்டு. ஆடையில் அது அடிக்கடி நீதிமன்றத்தில் முடிகிறது. சுப்ரீமின் சிவப்புப் பெட்டியும் வெள்ளை எழுத்துமே கலைஞர் பார்பரா குரூகரின் பாணியை நினைவூட்டுபவை. அந்நிறுவனம் 2013இல், தன் பெயரோடு ஒரு வசைச்சொல்லைச் சேர்த்து அதே வடிவில் சட்டை செய்த ஒரு பெண்களாடை பிராண்டிடம் ஒரு கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. அது பின்னர் சமரசத்தில் முடிந்தது. கேலிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்ற எண்ணமும் முழுமையானதன்று. ஒரு விஸ்கி நிறுவனத்தின் புட்டியைக் கேலிசெய்த நாய் பொம்மை தொடர்பாக 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, பிறரது அடையாளத்தைத் தன் சரக்கின் அடையாளமாகவே ஒருவர் பயன்படுத்தும்போது, கருத்துச் சுதந்திரத்தின் சிறப்புக் கவசம் அவருக்குத் தானாகக் கிடைப்பதில்லை. சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறுபடும். ஆனால் தொடக்க நிலையில் இருப்பவருக்கு வழக்கறிஞர் செலவு எங்கும் பாரம்தான்.

செய்ய வேண்டியது எளிது: நீங்களே வரையுங்கள், அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு எழுத்துவழி உரிமம் பெறுங்கள். எழுத்துருவுக்கும் இது பொருந்தும். தனிப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் பல எழுத்துருக்கள் விற்பனைப் பொருளுக்கு இலவசமல்ல.

படி 4: பிறர் கண்ணால் படித்துப் பாருங்கள்

அச்சுப்பிழை பார்ப்பதுபோல் பொருள்பிழையும் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் சறுக்கல்கள் மூன்று வகையான கவனக்குறைவைக் காட்டுகின்றன.

முதலாவது, தனித்தனியே தீங்கற்றவை சேரும்போது உருவாகும் பொருள். 2014இல் 'ஜாரா' நிறுவனம் மேற்கத்தியக் காவலர் தோற்றத்தில் குழந்தைகளுக்கான கோடு போட்ட சட்டை ஒன்றை விற்றது. கோடுகளும் மஞ்சள் நட்சத்திரமும் ஒருங்கே நின்றபோது, நாஜி வதைமுகாம்களில் யூதர்கள்மீது சுமத்தப்பட்ட உடை பலருக்கு நினைவுக்கு வந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டுச் சட்டையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு 'அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ்' விற்ற, அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த மேலாடையில் வெளுப்பும் சிவந்த திட்டுகளும் இருந்தன. 1970 மே 4 அன்று அதே வளாகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அறிந்தவர்களுக்கு அவை இரத்தக்கறையாகவே தெரிந்தன. சாயம் மங்கியதால் வந்த தோற்றம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னாலும், பார்த்தவர்களின் அதிர்ச்சி அதனால் குறையவில்லை. பழைய தோற்றம் தரும் விளைவுகளைப் பயன்படுத்துவோர் இதை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அணிபவரால் மாறும் பொருள். 2018 ஜனவரியில் 'எச் அண்ட் எம்' தன் இணையதளத்தில், காட்டிலேயே அருமையான குரங்கு என்ற பொருள்படும் வாசகம் கொண்ட மேலாடையைக் கறுப்பினச் சிறுவன் ஒருவனுக்கு அணிவித்துக் காட்டியது. குழந்தைகளுக்குச் செல்லமாகச் சொல்லப்படக்கூடிய அதே சொல், நெடுங்கால இனவெறி வசையாகவும் இருந்திருக்கிறது. அதை அந்த ஒளிப்படம் கடந்து சென்ற மேசைகளில் ஒருவர்கூடத் தடுத்து நிறுத்தவில்லை. எனவே சட்டையை மட்டுமல்ல, விளம்பரப் படத்தையும் விற்பனைக் குறிப்பையும் சேர்த்தே சோதியுங்கள்.

மூன்றாவது, எவரும் படிக்காமலே வெளியாவது. 1939இல் பிரிட்டனில் அச்சிடப்பட்ட, அமைதி காக்கச் சொல்லும் போர்க்காலச் சுவரொட்டியின் வாசகத்தை மாற்றி மாற்றி, கணினி நிரல் வழியே எண்ணற்ற சட்டை வடிவங்களை ஒரு நிறுவனம் இணையத்தில் பட்டியலிட்டது. பாலியல் வன்முறையைத் தூண்டும் வாசகங்களும் அவற்றுள் இருந்தது 2013இல் வெளிச்சத்துக்கு வந்தபோது பெரும் கண்டனம் எழுந்தது; சில மாதங்களில் அந்நிறுவனம் மூடப்பட்டது. செயற்கை நுண்ணறிவால் வாசகமும் படமும் உருவாக்குபவர்கள் இன்று அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். நிரல் தந்த ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு மனிதர் முழுமையாகப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும்.

சோதனை முறை இது. வடிவத்தை வெள்ளைத் தாளில் உண்மையான அளவில் அச்சிட்டு, வயதிலும் பின்னணியிலும் வேறுபட்ட ஐந்தாறு பேரிடம் விளக்கம் ஏதும் சொல்லாமல் காட்டி, என்ன தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள். படத்தில் உள்ள ஒவ்வொரு சின்னம், எண், அயல்மொழிச் சொல் ஆகியவற்றின் வரலாற்றைத் தேடிப் பாருங்கள்; அந்த மொழி அறிந்தவரிடம் காட்டாமல் அயலெழுத்தை அலங்காரமாக்க வேண்டாம். வழிபாட்டு உருவங்கள், ஒரு பழங்குடியினரின் பெயர் அல்லது கோலங்கள் என்றால் அவர்களிடமே கேட்க வேண்டும். தங்கள் பெயரை ஒரு நிறுவனம் தன் பொருள்களுக்குச் சூட்டி விற்றதற்காக, அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ இனத்தவர் 2012இல் தொடுத்த வழக்கு 2016இல்தான் சமரசத்தை எட்டியது.

வேண்டுமென்றே சீண்டுவது வேறு. லண்டனில் விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும் 1970களில் பங்க் இசை ரசிகர்களுக்காக உருவாக்கிய சட்டைகள் அதிர்ச்சியையே நோக்கமாகக் கொண்டவை. நாஜிச் சின்னத்தைக் கூட எதிர்ப்பின் கருவியாக அவை பயன்படுத்தின, அதற்கான கண்டனத்தையும் ஏற்றன. சீண்டுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அது யாரைச் சீண்டுகிறது, அவர் உங்களைவிட வலியவரா மெலியவரா என்பதை முன்பே முடிவு செய்திருங்கள். மெலியவரைச் சீண்டும் சட்டையில் துணிச்சல் எதையும் நான் காண்பதில்லை.

படி 5: துணியும் அச்சு முறையும்

துணியின் கனம் ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற அளவில் குறிக்கப்படும். 180 என்பது அன்றாட டி-ஷர்ட்டின் நடுத்தர அளவு. தொங்காமல் நிமிர்ந்து நிற்கும் ஓவர்சைஸ் வெட்டுக்கு 220 முதல் 260 வரை பொருந்தும். ஒரே வடிவத்தைப் பெரும் எண்ணிக்கையில், குறைந்த வண்ணங்களில் அச்சிட, வலைச்சட்டத்தின் வழியே மையை அழுத்தும் ஸ்கிரீன் பிரிண்டிங் சிறந்தது. ஒளிப்படம் போன்ற பல வண்ணப் படத்தைச் சில சட்டைகளில் மட்டும் அச்சிட, பருத்தித் துணிமீது நேரடியாக மை தெளிக்கும் டி.டி.ஜி. ஏற்றது. டி.டி.எஃப். முறையில் படம் முதலில் ஃபிலிமில் அச்சாகி, பசைத்தூள் தூவப்பட்டு, வெப்ப அழுத்தத்தால் துணிக்கு மாறுகிறது. பலவகைத் துணிக்கும் இது ஒட்டும், ஆனால் பெரிய படம் பிளாஸ்டிக் தாள் போல் காற்றை அடைக்கும். வெப்பத்தால் சாயத்தை ஆவியாக்கி இழைக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் வெளிர் நிறப் பாலியஸ்டருக்கு மட்டுமே.

படி 6: கோப்பைத் தயார்செய்தல்

எழுத்தும் கோட்டோவியமும் வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாத கோட்டு வடிவக் கோப்பாக இருக்கட்டும். ஒளிப்படம் என்றால் அச்சிடும் அளவிலேயே அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை, 30 செ.மீ. அகலப் படத்துக்குச் சுமார் 3,550 பிக்சல்கள். பின்னணி ஒளிபுகுவதாக இருக்க வேண்டும், இல்லையெனில் படத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி அச்சாகும். கறுப்புத் துணியில் ஸ்கிரீன் அச்சுக்கு அடியில் வெள்ளைப் படலம் தேவை. அதை மேல் வண்ணத்தைவிட மிகச் சிறிதளவு குறுக்கினால் ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்காது. முன்புறப் படத்தின் மேல்விளிம்பு கழுத்துப் பட்டையிலிருந்து 7 அல்லது 8 செ.மீ. கீழே அமையலாம். சிறிய அளவுச் சட்டைக்கும் மிகப் பெரியதற்கும் ஒரே அகலத்தில் அச்சிட்டால் ஒன்றில் படம் அக்குளைத் தொடும், மற்றொன்றில் தனித்து நிற்கும். ஆகவே இரு அளவுகளிலாவது கோப்பு வைத்திருங்கள்.

படி 7: மாதிரியும் சலவையும்

ஒரு மாதிரியை அச்சிட்டு வாங்காமல் மொத்தமாக அச்சிட வேண்டாம். ஸ்கிரீன் அச்சில் பரவலாகப் பயன்படும் பிளாஸ்டிசால் மை பொதுவாக 160 டிகிரி செல்சியஸ் அளவில் முழுமையாகப் பதமாகும். பதமாகாத அச்சை இருபுறமும் மெல்ல இழுத்தால் விரிசல் விடும். பின்னர் சட்டையை உள்புறம் வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் ஐந்து முறை துவைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே வெளிச்சத்தில் ஒளிப்படம் எடுத்து ஒப்பிடுங்கள். நீளத்திலும் அகலத்திலும் சுருக்கத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாதிரியை ஒருவர் அணிந்து நடக்கும்போது, கை மடங்கும்போதும் பை மாட்டும்போதும் எந்த எழுத்து மறைந்து வேறு சொல் உருவாகிறது என்றும் கவனியுங்கள்.

படி 8: வெளியீடு

முதல் வெளியீட்டைச் சிறிய எண்ணிக்கையில் வையுங்கள். அது தட்டுப்பாட்டைச் செயற்கையாக உருவாக்கும் உத்தியாக இருக்கத் தேவையில்லை; விற்காத துணி குப்பையாகாமல் இருக்கவும், யாரேனும் ஆட்சேபம் தெரிவித்தால் உடனே நிறுத்தவும் அது உதவும். ஓவியரின் பெயரை விற்பனைப் பக்கத்தில் குறிப்பிடுங்கள். வரைபடத்தின் முதல் கைவரைவு, உரிமக் கடிதம், எழுத்துருவின் உரிம விவரம், சலவைக் குறிப்பு ஆகிய நான்கையும் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனிக் கோப்புறையில் தேதியிட்டுச் சேமியுங்கள். உரிமை பற்றிக் கேள்வி எழும் நாளில் முதலில் கேட்கப்படுவது அந்தக் கோப்புறைதான்.