வீட்டுப் பட்டறையில் வெல்டரும் பிளாஸ்மா கட்டரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெல்டிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் ஆம்ப் எண்ணைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் டியூட்டி சைக்கிள் என்று ஒன்று இருக்கும். முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். 200 ஆம்பில் 20 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்தான் அந்த ஆம்பில் ஓட்டலாம், மீதி எட்டு நிமிடம் மெஷின் ஆற வேண்டும். கேட், ஸ்டாண்டு, மேசை போன்ற வீட்டு வேலைகளுக்கு 2.5 மி.மீ. வெல்டிங் ராடே போதும். அதற்கு 60 முதல் 90 ஆம்ப் வரைதான் தேவை. அதனால் 60 சதவீதம் ஓடும் 160 ஆம்ப் மெஷினைத்தான் நான் எடுக்கச் சொல்வேன்.

அடுத்தது கரண்ட். 200 ஆம்ப் மெஷினை முழு அளவில் ஓட்டினால் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் லைனிலிருந்து அது 30 ஆம்புக்கு மேல் இழுக்கக்கூடும். 16 ஆம்ப் சாக்கெட் அதைத் தாங்காது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டினால் வோல்டேஜ் இறங்கும், ராடு ஒட்டிக்கொள்ளும், பழி மெஷின் மேல் விழும். ஒயரைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டுவது இன்னும் மோசம், சுருளுக்குள் சூடு ஏறி உறையே உருகிவிடும்.

அலுமினியம் பற்றவைக்கும் ஆசையில் டிசி மட்டும் தரும் டிக் மெஷினை (டங்ஸ்டன் முனையும் கேஸும் கொண்டு பற்றவைப்பது) வாங்கிவிட்டுத் தவிக்கிறவர்கள் உண்டு. மேலே படிந்திருக்கும் ஆக்சைடை உடைக்க ஏசி வேண்டும். ராடுக்குப் பதில் ஒயரைத் தானாகத் தள்ளும் மிக் மெஷினில், கேஸ் இல்லாமல் ஃப்ளக்ஸ் கோர் ஒயர் (உள்ளே ஃப்ளக்ஸ் பொடி நிரப்பியது) போடும்போது டார்ச்சை நெகட்டிவுக்கு மாற்ற மறப்பதும் அடிக்கடி நடப்பது. தெறிப்பு அதிகமாகி, வெல்டு கரடுமுரடாக வரும்.

பற்றவைக்கும் இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்பை துரு மேலேயோ பெயின்ட் மேலேயோ மாட்டாதீர்கள். கிரைண்டரை ஒரு நிமிடம் ஓட்டி இரும்பை வெளியே கொண்டுவந்துவிட்டு மாட்டுங்கள். ஆர்க், அதாவது ராடு முனையில் எரியும் மின்சுடர், நிலையாக நிற்காத பல வேலைகளில் கோளாறு இங்கேதான் இருக்கும்.

அழுத்தக் காற்றை மின்சாரத்தால் கடும் சூடாக்கி இரும்பை வெட்டும் பிளாஸ்மா கட்டரில் தவறு பெரும்பாலும் காற்றில் தொடங்குகிறது. கம்ப்ரஸர் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் பிரஷரை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றை அது விடாமல் தரும் என்பதுதான் கேள்வி. சின்ன டேங்க் முதல் வெட்டுக்குத் தாங்கும், பாதியில் பிரஷர் இறங்கிவிடும். அப்புறம் ஈரம். அழுத்தப்பட்ட காற்று ஆறும்போது தண்ணீர் விடும். அது டார்ச்சுக்குள் போனால் அதன் முனையிலுள்ள எலக்ட்ரோடும் நாசிலும் சீக்கிரம் தேய்ந்து, வெட்டு கோணலாகப் போகும். டேங்கிலிருந்து தினமும் தண்ணீரை வடித்துவிடுங்கள், டார்ச்சுக்கு முன்னால் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் வையுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் தடிமனையும் அப்படியே நம்பக்கூடாது. சில பெட்டிகளில் இருப்பது எப்படியாவது துண்டாக்கக்கூடிய அதிகபட்சத் தடிமன். சுத்தமாக வெட்ட முடிந்த தடிமன் அதைவிடக் குறைவு. வெட்டும்போது தீப்பொறி தகட்டின் அடியில் கொட்ட வேண்டும். மேலே திரும்பித் தெறித்தால் கையை வேகமாக நகர்த்துகிறீர்கள் என்று அர்த்தம். தகட்டின் நடுவில் துளை போட டார்ச்சைச் சாய்த்துத் தொடங்கி மெல்ல நிமிர்த்துங்கள், உருகிய இரும்பு நாசிலுக்குள் அடிக்காது. கிளாம்பை அறுந்து விழப்போகும் துண்டில் மாட்டக்கூடாது. நாசில் மாற்றுவதற்கு முன் மெயினை அணையுங்கள், இந்த மெஷின்களின் வோல்டேஜ் சாதாரண ஆர்க் வெல்டரைவிடப் பல மடங்கு.

புகை விஷயத்தில் அலட்சியமே வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. ஜிங்க் பூசிய ஜிஐ பைப்பை அப்படியே பற்றவைத்தால் ஜிங்க் புகை வரும், சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் அடிக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். பூச்சைத் தேய்த்து எடுங்கள், காற்றோட்டத்தில் வேலை செய்யுங்கள், மெட்டல் புகைக்கான ரெஸ்பிரேட்டர் போடுங்கள். இதைவிடப் பயங்கரமானது, குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பைப் பற்றவைப்பது. அந்தச் சூட்டிலும் ஒளியிலும் பாஸ்ஜீன் என்ற உயிரைக் கொல்லும் வாயு உருவாகலாம். டப்பாவின் லேபிளைப் படிக்காமல் பட்டறைக்குள் கொண்டுவராதீர்கள்.

எண்ணெய், பெட்ரோல் இருந்த பழைய டிரம்மை வெட்டக் கேட்டு யாராவது வந்தால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். கழுவியிருந்தாலும் மடிப்புகளில் தங்கிய ஆவி வெடிக்கும். மற்ற வேலைகளிலும் கடைசி வெட்டு முடிந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பக்கூடாது. மரத்தூளுக்குள்ளோ அட்டைக்குள்ளோ விழுந்த பொறி கண்ணுக்குத் தெரியாமல் கனன்று, நேரம் கழித்துப் பிடிக்கும். ஒரு மணி நேரமாவது பக்கத்திலேயே இருங்கள்.