மலையக வெயிலில் கோல்ப் புல்லைக் காப்பது எப்படி? புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

ஜனவரி பாதி தாண்டினால் நுவரெலியாவில் மழை ஓய்ந்துவிடும். விடியற்காலையில் துகள் பனி வெள்ளை வெளேரென்று கிடக்கும், பதினொரு மணிக்கெல்லாம் முதுகைச் சுடும் வெயில், பின்னேரம் ஈரத்தை உறிஞ்சும் காற்று. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனியும் இந்த வெயிலும் ஒரே நாளில் புல்லின் மேல் இறங்குகின்றன. ஏப்ரல் சீசன் நேரத்து இடிமழை வரும்வரை இப்படித்தான். ஆனால் இந்த மாதங்களில் செத்துப்போன கிரீனை, அதாவது கொடிக் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை, தோண்டிப் பார்த்தபோதெல்லாம் நான் அதிகமாகக் கண்டது காய்ந்த வேரை அல்ல, அழுகிய வேரை. அதனால் ஹோஸைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றைத்தான் முதலில் சொல்கிறேன்.

முதலில், உங்கள் புல் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெர்முடா என்று சொல்லப்படுவது நம் அருகம்புல்லின் சொந்தம்தான். அதற்குச் சூடு பிடிக்கும். திகனை பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டிய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் அது வெயிலுக்குச் சளைக்காது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம்; இங்கே குளிர்ந்த இரவுகளில் அதே புல் வளர்ச்சியை நிறுத்திப் பழுப்பாகும். அது தூக்கம், சாவு அல்ல. பென்ட் கிராஸ் இதற்கு நேர்மாறு: குளிரைத் தாங்கும், நடுப்பகல் வெயிலில் துவளும். கிக்குயு ஆபிரிக்க மலைநாட்டிலிருந்து வந்த முரட்டுப் புல், அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அது கிரீனுக்குள் ஓடி வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பனி இருக்கும்போது புல்லை மிதிக்காதீர்கள்

பனி படிந்த இலை கண்ணாடி மாதிரி. மிதித்தால் உள்ளே இருக்கும் செல்கள் உடைந்துவிடும். அந்த நேரம் ஒன்றும் தெரியாது, பிறகுதான் உங்கள் பூட்ஸ் அடிகள் ஒவ்வொன்றும் கறுப்பாக எழுந்து வரும், அவை மறைய வாரக்கணக்கில் ஆகும். மோவரும் (புல் வெட்டும் இயந்திரம்) வேண்டாம். வெயில் பட்டுப் பனி தானாகக் கரையட்டும், அதுவரை பங்கர் என்ற மணல் குழிகளில் மணலை வாரிக்கொண்டிருக்கலாம். பனி இல்லாமல் வெறும் இலைநீர் மட்டும் இருக்கும் காலைகளில் நீள மூங்கில் கம்பால் கிரீனை மெல்லத் தட்டிவிடுங்கள், இலை சீக்கிரம் காய்ந்தால் பூஞ்சணத்துக்கு இடமில்லை.

அப்புறம் மண்ணைப் பாருங்கள்

இதை மட்டும் எந்த நாளிலும் விடாதீர்கள். ஒரு கவ்வாத்துக் கத்தியோ நீளமான சமையல் கத்தியோ எடுத்து, கிரீனின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சிறு துண்டை வெட்டி எடுங்கள். வேர் வெள்ளையாக இருக்கிறதா, எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று பாருங்கள். மண்ணை விரலால் நசுக்குங்கள். உருண்டையாக ஒட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மூக்கருகே கொண்டுபோங்கள். நல்ல மண் மழை பெய்த தோட்டத்து மணம் வீசும். அழுகிய முட்டை நாற்றம் வந்து, உள்ளே கறுப்பாக ஒரு பட்டையும் தெரிந்தால் காற்று போகாமல் மண் மூச்சு முட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். பார்த்து முடிந்ததும் துண்டைத் திரும்ப வைத்து அழுத்திவிடுங்கள்.

நான் வேலை பழகிய காலத்தில் ஒரு மைதானத்தில் பெப்ரவரியில் ஒரு கிரீன் பழுப்பாகத் தொடங்கியது. காய்கிறது என்று நினைத்து நாங்கள் ஒரு வாரம் விடாமல் மாலை மாலையாகத் தண்ணீர் அடித்தோம். எட்டாம் நாள் வெட்டிய துண்டில் அந்தக் கறுப்புப் பட்டையும் நாற்றமும் இருந்தன. வேர் ஒரு நகக்கண் நீளம்கூட இல்லை. அந்தக் கிரீன் மறுபடி பச்சையாக ஜூன் ஆயிற்று.

தண்ணீர் எப்போது, எவ்வளவு

புல் தாகமாக இருந்தால் அதுவே சொல்லும். பச்சை மாறி நீலம் கலந்த சாம்பல் நிறம் வரும், நடந்துபோனால் காலடித் தடம் நிமிராமல் அப்படியே கிடக்கும். அப்போது கொடுங்கள், கொடுத்தால் வேர் வரைக்கும் இறங்கும்படி கொடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும்.

கணக்கு லேசானது. ஒரு சதுர மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1 லீட்டர். 400 சதுர மீட்டர் கிரீனுக்கு 5 மில்லிமீட்டர் கொடுக்க 2,000 லீட்டர் வேண்டும். ஸ்பிரிங்க்ளர் எல்லா இடத்துக்கும் சமமாக அடிக்கிறதா என்று அறிய, காலி மீன் டின்களை அங்கங்கே வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு அளந்து பாருங்கள், ஒரு டின்னில் நிறையவும் இன்னொன்றில் அடி மட்டும் நனைந்தும் இருக்கும்.

நேரம் காலைதான், பனி கரைந்த பிறகு. மாலையில் வேண்டாம்; இரவு முழுக்க ஈரமாக இருக்கும் இலையில்தான் பூஞ்சணம் ஏறும். நடுப்பகலில் பென்ட் கிராஸ் துவண்டால் இலை நனையும் அளவுக்கு மட்டும் ஹோஸில் புகை மாதிரி ஒரு தெளிப்பு, ஒன்றிரண்டு நிமிடம், அவ்வளவுதான். அது இலையின் சூட்டைத் தணிப்பதற்கு, வேருக்கு அல்ல.

சில இடங்கள் எவ்வளவு ஊற்றினாலும் காய்ந்தே கிடக்கும். அங்கே மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உள்ளே போகாமல் முத்து மாதிரி உருண்டு நின்றால், மணல் துகள்களின் மேல் மெழுகு போன்ற பொருள் படிந்து தண்ணீரைத் தள்ளுகிறது. தேயிலைத் தோட்டத்தில் முள்ளு என்ற இரும்புக் கவையால் மண்ணைக் குத்துவது தெரிந்தவர்களுக்கு இது கைவந்த வேலை: சிறிய முள்ளால் இரண்டு அங்குல ஆழத்துக்கு நெருக்கமாகக் குத்துங்கள், மண்ணைக் கிளப்பாதீர்கள். வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீரை மண்ணுக்குள் இறங்க வைக்கும் மருந்து) கிடைத்தால் லேபிளில் உள்ள அளவில் ஊற்றி, வாளியால் மெதுவாக நனையுங்கள்.

வெட்டும் உயரம்

சரி, மோவர். 3 மில்லிமீட்டரில் வெட்டிக்கொண்டிருந்தால் இந்த மாதங்களில் 4க்கு ஏற்றுங்கள். பந்து கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்று விளையாடுபவர்கள் முறையிடுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், உயரத்தை இறக்காதீர்கள். இலை கூடினால்தான் வேருக்குச் சாப்பாடு. எந்த இடத்திலும் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. வெட்டிய நுனி வெள்ளையாகப் பிய்ந்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது.

உரம்

பசேலென்று ஆக்க யூரியாவை அள்ளி வீசுவதுதான் இந்தக் காலத்தில் நடக்கும் பெரிய தவறு. இலை இளசாக ஓடும், வேர் பின்தங்கும், வெயிலில் எல்லாம் கருகும். தேவைப்பட்டால் 400 சதுர மீட்டருக்கு 800 கிராம் யூரியாவைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் தெளித்து, உடனே வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள். துவண்டு கிடக்கும் புல்லுக்கு அதுவும் வேண்டாம். பொட்டாசியத்தை டிசம்பரிலேயே கொடுத்திருந்தால் நல்லது.

கொடிக் குழியை நாளுக்கு நாள் மாற்றுங்கள், காய்ந்த பகுதிக்குக் கயிறு கட்டுங்கள். சீசன் நேரத்தில் ஆட்கள் கூடும்போது இந்த இரண்டும் ரொம்ப உதவும்.

முதல் இடிமழை விழுந்த அன்றைக்கே உர மூட்டையைப் பிரிக்காதீர்கள். ஒரு வாரம் பொறுத்து, அதே கிரீனின் ஓரத்தில் மறுபடி கத்தியை இறக்கி, நூல் மாதிரி வெள்ளை வேர் புதிதாகக் கீழே இறங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பிரியுங்கள்.