மஞ்சள் நிறத்தை வைத்து டைரோசின் பாஸ்ஃபடேஸை அளப்பது எப்படி?

கைனேஸ் என்னும் நொதிகள் புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஒட்டிவிட்டுப் போகும். அதைக் கழற்றுவது டைரோசின் பாஸ்ஃபடேஸ் குடும்பம். மனிதரில் மட்டும் இதற்கு நூறுக்கு மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. நாம் எடுக்கப்போவது அந்தக் குடும்பத்தின் பிடிபி1பி (PTP1B). இன்சுலின் ஏற்பியின் சமிக்ஞையை அடக்கும் நொதி இது. இது இல்லாத சுண்டெலிகளில் இன்சுலின் இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

முதலில் பஃபர், அதாவது பிஎச்-ஐ மாறாமல் வைத்திருக்கும் கரைசல். 50 மில்லிமோலார் ஹெப்பஸ், பிஎச் 7 போதும். பாஸ்பேட் பஃபர் மட்டும் வேண்டாம். வினையில் வெளிவரும் பொருளே பாஸ்பேட் என்பதால் அது நொதியை அடைத்துக்கொள்ளும். இது தெரியாமல் நிறமே வராத குழாய்களை ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தவன் நான்.

அதில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டிடிடியை (DTT) 2 மில்லிமோலார் அளவில் அன்றன்றைக்குப் புதிதாகக் கரைத்துச் சேருங்கள். இந்த நொதியின் வேலை முழுவதும் சிஸ்டீன் என்ற ஓர் அமினோ அமிலத்தை நம்பி நடக்கிறது. காற்றுப் பட்டு அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நொதி முடங்கிவிடும். செல்லும் இதே தந்திரத்தைக் கையாள்கிறது: இன்சுலின் வந்ததும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கி, பிடிபி1பியைச் சற்று நேரம் ஓரங்கட்டுகிறது.

அப்புறம் 10 மில்லிமோலார் பாரா நைட்ரோபீனைல் பாஸ்பேட். நிறமில்லாத இதிலிருந்து பாஸ்பேட் கழன்றால், காரத்தில் மஞ்சளாகும் நைட்ரோபீனால் மிஞ்சும். நொதியைச் சேர்த்து மொத்தம் அரை மில்லி ஆக்கி, 30 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். பிறகு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு அரை மில்லி ஊற்றினால் வினை நிற்கும், மஞ்சளும் முழுதாகத் தெரியும். இன்னொரு குழாயில் காரத்தை முன்னாலேயே ஊற்றிவிட்டு நொதியைச் சேருங்கள், அதுதான் பிளாங்க், அதாவது நொதி வேலை செய்யாத ஒப்பீட்டுக் குழாய்.

1 செ.மீ. குவெட்டில் (அளவீட்டுக் குப்பியில்) 405 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். பிளாங்க்கைக் கழித்து 0.36 வந்தது என்று வையுங்கள். அதை நைட்ரோபீனாலின் மோலார் உறிஞ்சல் எண்ணான 18,000 ஆல் வகுத்தால் 20 மைக்ரோமோலார். 1 மில்லியில் 20 நானோமோல். அதாவது நிமிடத்துக்கு 2 நானோமோல். அளவீடு 1-ஐத் தாண்டினால் நொதியைக் குறைத்து மறுபடி செய்யுங்கள்.

சரி, இது டைரோசின் பாஸ்ஃபடேஸ்தானா? டைரோசின் பாஸ்ஃபடேஸை அடக்கும் வனடேட் சேர்த்த குழாயில் மஞ்சள் வெகுவாகக் குறைய வேண்டும். அந்தக் குழாயில் உலோகங்களைப் பிடிக்கும் ஈடிடிஏ (EDTA) இருக்கக் கூடாது, அது வனடேட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற வேறொரு நொதியும் வனடேட்டுக்கு அடங்கும். அதனால் செல் சாற்றில் ஆரம்பிக்காமல், தூய்மைப்படுத்திய நொதியிலேயே முதலில் கை பழகுங்கள்.